ஏணிக்கு மேல் விளக்கு

நம் ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில் பல்பைப் பார்த்துக் கும்பிடாத ஆளே கிடையாது, ஐயா. சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார். வண்டிக்காரர் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டுக் கும்பிடுவார். பாபநாசம் அணையிலிருந்து கம்பி வழியாக வருகிற வெளிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில் விளக்கேற்றினால் கும்பிட்டுப் பழகின கை சும்மா இருக்காது. பிற்பாடு என் தங்கையைக் கட்டிய மருதப்பன் ரத வீதியில் சைக்கிளில் போகும்போதே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, பூக்கடை வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். தெருவே சிரித்தது. அவரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

அந்த மருதப்பன் கப்பலில் செத்ததைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கடலில் நடந்தது உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் சேருமா என்று தெரியவில்லை. சேராவிட்டால் சேருகிற இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

என் பெயர் ஆறுமுகச்சாமி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போகும் ஒரு பயணிகள் கப்பலில் பாட்டரி ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்கு வெளிச்சம் கொடுப்பது அடியில், என்ஜின் ரூமில் இருக்கும் டைனமோ. அது நின்றால் கப்பல் முழுக்க இருட்டு. அப்போது மேல்தளத்தில் என் ரூமில் இருக்கும் பாட்டரிகள்தான் கைகொடுக்க வேண்டும். பழைய கப்பல், தானாக மாறாது. நான் கைப்பிடியை இறக்கினால்தான் நடைவழியிலும், உயிர்ப்படகுகள் பக்கமும், ஏணிகளுக்கு மேலும் அவசர விளக்குகள் எரியும். டைனமோ கிழடு தட்டிப்போனது. நினைத்தால் படுத்துவிடும். அதனால் எனக்குக் கப்பலில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

கோமதித்தாய் என் ஒரே தங்கை. பெற்றவர்கள் போனபின் நான்தான் வளர்த்தேன், நான்தான் கட்டிக்கொடுத்தேன். கல்யாணமான மறுவருஷமே மருதப்பன் பினாங்குக்குப் பிழைக்கப் போய்விட்டார். ஒழுங்காகக் கடுதாசி போட்டார், ஒழுங்காகப் பணமும் அனுப்பினார். ஆனால் கடுதாசியோடு ஒரு பெண் குடும்பம் நடத்த முடியுமா? அவள் என் வீட்டில்தான் இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவில் வரும்போதெல்லாம் அவள் கையால்தான் சாப்பிட்டேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

போன ஆடித் தபசுத் திருவிழா முடிந்த கையோடு மருதப்பன் வந்தார், அவளைக் கூட்டிப்போக. அவள் டிரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்தாள். புளியும் மிளகாய் வற்றலும் கட்டிக்கொண்டாள். வேலை செய்துகொண்டே பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேறு கப்பலில் அனுப்ப மனமில்லாமல் என் கப்பலிலேயே இருவரையும் ஏற்றினேன்.

அவர்களுடைய இடம் கீழ்த்தளத்தில். என் ரூம் வாசலையொட்டி ஒரு பெரிய திறப்பு உண்டு. அதிலிருந்து கிணற்று ஏணி மாதிரி செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி கீழே போகும். புறப்பட்ட மறுநாளே டைனமோ ஒரு தடவை நின்றது. விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தேன். நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மருதப்பன் தண்ணீர்ச் செம்பைக் கைவிட்டுக் கும்பிட்டார், செம்பு உருண்டு ஓடியது. கோமதித்தாய் சிரித்துக்கொண்டே அதை எடுத்தாள். நினைப்புக்கு முன்னால் கை போய்விடுகிறது என்று அப்போது பார்த்துக்கொண்டேன். வேறு எண்ணம் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிடுவேன்.

அடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் மருதப்பன் என் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"மச்சான், பினாங்குல வீடு பாத்தாச்சு. இனி ஒம்ம தங்கச்சி சங்கரன்கோவில் பக்கம் வர மாட்டா. நீரும் தனியாப் பொங்கித் திங்கப் பழகணும் வே."

கேலிக்குத்தான் சொன்னார். "வரவே மாட்டாளோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? பிள்ளகுட்டின்னு ஆயிட்டா யாரு கப்பலேறி அலையுதது? நீரு அங்கன வாரும். ஒரு வாய் காப்பி தாரோம்."

சிரித்துக்கொண்டே எழுந்து போய் ஏணியில் கால் வைத்தார். இவரை நம்பி அவளை எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விளக்குகள் அணைந்தன.

டைனமோவை நான் நிறுத்தவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அது தானாக நின்றது.

இருட்டியதும் கைப்பிடியை இறக்க வேண்டும் என்பது சட்டம். கை அதன் மேல்தான் இருந்தது. ஏணியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், வெளக்கப் போடும் வே. பாதி ஏணில நிக்கேன்."

அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இருட்டில் எவனும் ஏணியை விடமாட்டான், ஐயா. விடிய விடிய இருட்டாக இருந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன். எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அம்மா உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சத்தம் கொடுப்பாள். அதே மாதிரி, "வெளக்கு வருது மாப்ளே" என்று சொல்லிக் கைப்பிடியை இறக்கினேன். பல்பு அவர் தலைக்கு நேர் மேலே.

அவர் கத்தவில்லை. இரும்புத் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. கோமதித்தாய் ஏணிக்கடியில் அவருக்காகக் காத்து நின்றிருக்கிறாள். அவளும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "கும்பிட்ட கையோடயே வந்து விழுந்தாவ அண்ணே" என்று அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து ஆகப்போவதில்லை.

கப்பலில் விசாரணை நடந்தது. விளக்கு ஏன் அணைந்தது என்றுதான் கேட்டார்கள். டைனமோ பார்த்த செல்வமணிக்கு வேலை போயிற்று. பாவம், பிள்ளைகுட்டிக்காரன். விளக்கு வந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபத்து நேரத்தில் வெளிச்சம் கொடுத்தவன் என்று காப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மருதப்பனைக் கடலில் இறக்கினார்கள். கோமதித்தாய் பினாங்கில் கரையிறங்கவே இல்லை, அதே கப்பலில் என்னோடு திரும்பிவிட்டாள். நானும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தேன். அவளைத் தனியாக விட முடியுமா? அவள் பொங்கினாள், நான் சாப்பிட்டேன். அவள் அதிகம் பேசவில்லை. துக்கம் ஆறினால் பேசுவாள் என்று இருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தது. பல்பு எரிந்ததும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கும்பிடவில்லை. அகப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கி வெளக்கு வருதுன்னு சத்தம் குடுத்தது நீதான?"

"ஆமா."

"அவிய ஏணில நிக்கது ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் தாயி. ஒன் நல்லதுக்குத்தான்."

அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். காலையில் முதல் பஸ்ஸில் மருதப்பனுடைய அண்ணன் வீட்டுக்கு, ராயகிரிக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இனி இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அதனால்தான் நேரே உங்களிடம் வந்தேன். மருதப்பனை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது அல்லவா? கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நீங்கள் சம்மன் அனுப்பினால் சாட்சி சொல்ல அவள் வந்துதான் ஆக வேண்டும். தூக்கு என்று தீர்ப்பானாலும் அதுவரை நாள் ஆகும். வீட்டுச் சாவி இதோ இருக்கிறது. அவளை அங்கேயே தங்கச் சொல்லுங்கள். எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்குத் தெரியும், மத்தியானம் மட்டும் லாக்கப்புக்குக் கொண்டுவந்தால் போதும். கட்டாயம் வருவாள், ஐயா. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?