வலேர் வீட்டுக் கதவு

எங்கள் வீட்டுத் தெருக்கதவு வெளிப்பக்கம் திறக்கும். உப்பளம் என்ற எங்கள் பேட்டையில் அப்படி வேறு வீடு கிடையாது. வாசற்படியில் நிற்பவர்மேல் கதவு இடித்துவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளை எடுக்குமுன் மூன்று முறை தட்ட வேண்டும். வெளியே நிற்பவர் விலகிக்கொள்வார். புதிதாக வரும் தபால்காரர்கள் இது புரியாமல் பதிலுக்குத் தட்டுவார்கள். தெருவே சிரிக்கும்.

சார், நீங்கள் டீயைக் குடியுங்கள். ஆறிவிடும். என் பெயர் வலேர் பலராமன். வயது அறுபத்தாறு. நகராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடம் முன்பு, 2006 செப்டம்பரில், என் தம்பி நெடுமாறன் ஏணியிலிருந்து விழுந்து இறந்தான். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதைப்பற்றித்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஆனால் பெயரிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என் கொள்ளுத்தாத்தா சக்கரபாணி பஞ்சாலைக் கணக்கர். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், 1882-இல், நம் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்கள் அதிகாரி சொன்னதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் கேட்டு வாங்கினார். ரோமாபுரியில் வலேரியுஸ் என்று பழைய குடும்பம், பிரெஞ்சில் அதுதான் வலேர். அதில் ஒருவர் குன்றின்மேல் பெரிய வீடு கட்டினார். ராஜாவாகப் பார்க்கிறான் என்று ஊர் சந்தேகப்பட்டதும், ஆள் வைத்து அந்த வீட்டை இடித்துவிட்டார். பிற்பாடு அதே ஊர், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கதவு தெருப்பக்கம் திறக்கலாம் என்று மரியாதை கொடுத்தது. உண்மையில் அந்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை, அவருடைய சகோதரருக்குத்தான் கிடைத்தது. சின்ன வயதில் அப்பா எங்களுக்குக் கதை சொல்லி இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கொள்ளுத்தாத்தா கதவை மாற்றி வைத்தார், அதன்மேல் ‘வலேர்’ என்று கல் பதித்தார், முன்கூடத்தை ஊருக்குப் படிப்பகமாக விட்டார். இன்றைக்கும் காலையில் இருபது பேராவது பேப்பர் படிக்க வருகிறார்கள். அதை நாற்பது வருடம் பெருக்கித் துடைத்து, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் காப்பாற்றியவன் நான். தம்பி அப்போதெல்லாம் பிரான்ஸில் இருந்தான். பட்டாளத்து உத்தியோகம். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம்.

2005-இல் திரும்பி வந்தான். வந்த மாதமே மின்விசிறி மாட்டினான், பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாங்கிப் போட்டான். சொல்தா ஐயா, சொல்தா ஐயா என்று தெரு அவன் பின்னால் போனது. நான் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இலவசமாகக் கொடுக்கிறவனை நான் அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டேன்.

பிறகு கவனித்தேன். போனில் பிரெஞ்சில் பேசுவான், நான் வந்தால் குரல் தாழும். சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரி வீட்டுக்கு மூன்று தடவை போனான். எதற்கென்று கேட்டால், “முடியட்டும் அண்ணே, சொல்றேன்” என்று சிரிப்பான். ஒரு நாள் டேப் வைத்துக் கதவையும் பெயர்க்கல்லையும் அளந்துகொண்டிருந்தான். அந்த வருடம் வெள்ளைக்காரத் தெருவில் பழைய வீடுகளெல்லாம் ஓட்டலாக மாறிக்கொண்டிருந்தன. அவன் பாதிப் பங்குக்காரன். விற்றால் முதலில் போவது அந்தக் கல்தான்.

வீட்டை இடித்த அந்த வலேரியுஸ் ஒரு சட்டமும் போட்டார் சார். ராஜாவாக ஆசைப்படுகிறவனை விசாரணை இல்லாமல் யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்ற பிறகு ஆதாரம் காட்டினால் போதும். அப்பா இதைச் சொல்லும்போது தம்பி முகம் சுளிப்பான். எனக்கு அதில் குறையெதுவும் தெரிந்ததில்லை. ஆதாரம் கைக்கு வரும்வரை காத்திருந்தால் காரியம் கைமீறிவிடும்.

அவன் விழுந்த அன்று காலை ஏழரை மணி. படிப்பகம் இன்னும் திறக்கவில்லை. சமையலுக்கு அரியாங்குப்பத்திலிருந்து வரும் அன்னக்கிளி பின்கட்டில் இருந்தாள். தம்பி பக்கவழியாக ஏணியைக் கொண்டுபோய், சாத்தியிருந்த தெருக்கதவுக்கு முன்னால் மேல்படியில் நிறுத்தி ஏறினான். முந்தின நாளே சொல்லியிருந்தான். “அண்ணே, கல்லு வெடிச்சிருக்குது. மழைக்கு முன்னாடி பாத்துடணும்.” நான் சரியென்று மட்டும் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் உளி. கல்லின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். கீழே ஒரு வாளியும் இருந்தது. அதில் சிமெண்ட் குழைத்து வைத்திருந்தான் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

கதவுக்கு நேர் எதிரே ஏணி வைப்பது அறிவில்லாத வேலை என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் வீட்டில் வளர்ந்தவன் அப்படித்தான் வைப்பான். தட்டாமல் யாரும் திறக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்து படி, ஐந்தும் கருங்கல். நான் வெளியே போனபோது அவனுக்கு இன்னும் பேச்சு இருந்தது. என்னையே பார்த்தான். “தட்டலியே அண்ணே” என்றான். குற்றம் கண்டுபிடிக்கும் குணம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் தம்பிதானே. அழுதேன், அது நடிப்பில்லை.

போலீஸ் வந்து அன்னக்கிளியைக் கேட்டார்கள். “பெரியவரு தட்டாம தெறக்கவே மாட்டாரு சார். நெதம் கேக்கறவ நானு. அன்னிக்கி மிக்சி ஓடிட்டு இருந்துச்சி, காதுல விழல” என்றாள். அன்று காலை ஆறிலிருந்து கரண்ட் இல்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன்பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போட்டாள். தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

பத்தாம் நாள் நோட்டரியிடமிருந்து பத்திரம் வந்தது. தம்பி தன் பங்கைப் படிப்பகத்துக்கு எழுதி வைத்திருந்தான். வீட்டை விற்கக் கூடாது, வலேர் என்ற கல்லை எடுக்கக் கூடாது, அண்ணன் உள்ளவரை அங்கேயே இருக்க வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. உங்களைப் போன்றவர் அதைப் படித்தால் தம்பி உத்தமன் என்பீர்கள். நானும் ஒரு வாரம் அப்படி நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். பிறகு யோசித்தேன். இவ்வளவு நல்லவனாக ஒருவன் எதற்காக ரகசியமாக இருக்க வேண்டும்?

ஆதாரம் கிடைக்காமல் நான் வாயைத் திறக்க முடியாது, வலேரியுஸ் சட்டம் அப்படி. மூன்று வருடம் தேடினேன். அவன் பெட்டி, கடிதங்கள், சட்டைப் பைகள் எல்லாம் பார்த்துவிட்டேன். எங்கேயும் ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை அது தானாகவே வாசலுக்கு வந்தது. படிப்பகக் குழுவிலிருந்து கலைமகள் என்ற பெண் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் விலகிக்கொள்ளட்டும் என்று மூன்று முறை தட்டித்தான் திறந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஏணி நிற்பது தெரிந்தே, தட்டாமல், இரண்டு கையாலும் கதவைத் தள்ளினேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. அன்னக்கிளியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஆதாரம் இதோ, இந்த அழைப்பிதழ். வரும் ஞாயிற்றுக்கிழமை பெயர்க்கல்லுக்குக் கீழே புதுக் கல் ஒன்று திறக்கிறார்கள். ‘வலேர் நெடுமாறன் படிப்பகம்.’ ராஜாவாகத்தான் பார்த்திருக்கிறான், நான் சந்தேகப்பட்டது சரிதானே சார்? நான்கு பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.