ஒரு தகவல், ஓரிடம்

காலை ஏழு பத்துப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். அடுத்த வண்டியில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அதனால் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். வழியெல்லாம் காதில் பாட்காஸ்ட் ஓடும். தரவுத்தளம் எழுதுகிறவர்களுக்கான நிகழ்ச்சி அது. இருவர் பேசுவார்கள். ஒருவர் எதற்கெடுத்தாலும் சிரிப்பார். இன்னொருவருக்கு எப்போதும் தொண்டைக் கட்டு. நல்ல மனிதர்கள். இன்று நான் எழுதும் முறை முழுக்க அவர்களிடம் கற்றது.

அதற்கு முன் நான் எழுதியதை யாரிடமும் காட்டமாட்டேன். ஓர் அட்டவணையில் எதையாவது அழிக்க வேண்டுமென்றால் நேராக அழித்துவிடுவேன். தொண்டைக் கட்டுக்காரர்தான் சொன்னார்: அழிக்கும் முன், எந்த வரிகளை அழிக்க வேண்டும் என்ற அதே நிபந்தனையைக் கொடுத்துத் தேடி, எது அழியப்போகிறது என்று கண்ணால் பார். பிறகு அழி. சின்ன விஷயம்தான். ஆனால் கைக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

நான் வேலை பார்த்தது மருத்துவமனையின் கணினிப் பிரிவில். பிரிவின் தலைவர் என் அக்காவின் கணவர். அலுவலகத்திலும் அத்தான் என்றே கூப்பிடுவேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விடவும் இல்லை.

ஒருநாள் என் காதைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மாப்ள, பாட்டா?"

"இல்லத்தான். டேட்டாபேஸ் பத்தின பாட்காஸ்ட்."

"டேட்டாபேஸைக் காதால படிக்கிறியா? ரேடியோவைக் கேட்டே நீச்சல் கத்துக்கிட்ட ஆளு நீ ஒருத்தன்தான்யா."

பிரிவே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் ரேடியோ. அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பெயர். "ரேடியோவுக்கு இன்னொரு கரண்டி போடும்மா. சிக்னல் வீக்கா இருக்கு." அக்கா தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதையாவது அடக்குகிறாளா என்று நான் கவனித்ததில்லை. எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அந்த நிகழ்ச்சியில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டும் வை. இரண்டு இடத்தில் வைத்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் மாறுபடும். எது உண்மை என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

எங்கள் மருத்துவமனையில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்பதை மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள். கோப்பின் அட்டையில் சிவப்பு மையில். மணிக்கட்டில் சிவப்புப் பட்டையாக. கணினியில். நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பட்டை ஒன்று சொன்னது, அட்டை வேறொன்று சொன்னது. உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினேன். எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். பட்டையும் சிவப்பு மையும் வேண்டாம். கடைசியில் ஒன்று சேர்த்திருந்தேன்: அந்த அட்டவணையில் யார் கை வைத்தாலும் ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம் செல்ல வேண்டும்.

அத்தான் கடைசிப் பகுதியை மட்டும் அடித்துவிட்டார். வெட்டி வேலை என்றார். மீதியை நிர்வாகக் கூட்டத்தில் தன் யோசனையாக வாசித்தார். அவருக்குப் பெரிய அறை கிடைத்தது. பட்டையும் சிவப்பு மையும் நின்றுபோயின. நேரில் சொல்வதும் கணினியில் இருப்பதும் மாறுபட்டால் கணினியில் இருப்பதே செல்லும் என்று உத்தரவு வந்தது. கீழே அவர் கையெழுத்து. அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இதெல்லாம் எனக்கு எங்கேருந்துதான் வருதோ, மாப்ள?"

அப்போதும் நான் கோபப்படவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவைப் புகழ்கிறாரே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பிறகு அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை. அவருக்குப் பென்சிலின் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, மயிரிழையில் பிழைத்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைக்கு அது அட்டவணையில் ஒரு வரி.

அறுவை சிகிச்சை நாளன்று வழக்கமான பேருந்தில் வந்தேன். அலுவலகத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் நிபந்தனையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது. அவருடையதுதான். அழிக்கச் சொன்னேன். அழித்ததை உறுதி செய்யும்வரை திரும்பப் பெறலாம். அப்படி எழுதுவதும் பாட்காஸ்டில் கற்றதே. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்து முடித்தேன். இன்னொரு முறை பார்த்தேன். உறுதி செய்தேன். வேறு எந்த நோயாளியின் வரியும் தவறிப்போய்விடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நல்ல பழக்கம் என்பது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் அறுவை அரங்கு வாசலிலிருந்து நர்ஸ் ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"சார், பேஷன்ட் மயக்கத்துல இருக்கார். அவரோட வீட்டுக்காரம்மா பென்சிலின் ஆகாதுன்னு சொல்றாங்க. சிஸ்டத்துல ஒண்ணுமே இல்ல. டாக்டர் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு. எதை எடுத்துக்கிறது?"

"சிஸ்டத்துல இருக்கிறதுதான் சரி."

"உறுதியாத்தானே சொல்றீங்க?"

"ஆளாளுக்குச் சொல்றதைக் கேக்கிறதுன்னா சிஸ்டம் எதுக்கும்மா?"

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. உத்தரவில் இருந்ததைத்தான் சொன்னேன்.

மதியத்துக்குள் அத்தான் இறந்துவிட்டார்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தியது தெரியும். அதற்காக வந்ததாகச் சொன்னால் உங்களுக்கு என்மேல் நல்ல எண்ணம் வரலாம். ஆனால் அதற்காக வரவில்லை. தரவுத்தளத்தில் கோளாறு, மோசமாக எழுதப்பட்டது என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் அட்டவணையில் கோளாறு கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அந்த வரியை அழித்தவன் நான். பார்த்து, யோசித்து, உறுதி செய்து அழித்தேன். அவர் சாவார் என்று தெரிந்தே அழித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாது.

அவரை வெறுத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அவர் அடித்துவிட்ட கடைசிப் பகுதி எவ்வளவு அவசியம் என்று ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. அக்காவை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தேன். அவள் இனிமேல் தலைநிமிர்ந்து பரிமாறுவாள் என்று நினைத்தேன்.

நேற்று அவளை உள்ளே அனுப்பினீர்கள். நான் சொன்னது எதையும் அவளிடம் நீங்கள் அப்போது சொல்லியிருக்கவில்லை. தெரிந்த ஆள் என்பதால் ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு மேசைமேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த நர்ஸ் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நான் ஊசியை உள்ள கொண்டுபோக விடமாட்டேன்னு வாசல்லயே அவ கையைப் பிடிச்சிக்கிட்டு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். போன்ல உன் குரல் மாதிரி கேட்டதும் கையை விட்டுட்டேன்டா. நம்ம தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் பதட்டத்துல எல்லாம் குழம்புதுன்னு நினைச்சேன். அது நீ இல்லதானே?"