மீன்கூடையில் வெள்ளை ரோஜா

— டபாய்க்காத வேதமாணிக்கம் பிட்டரே! இந்த மாரி பூவு ராயபுரத்துல வேற யார் வூட்ல கீது? ஒய்ங்கா உம் பொண்ணு ஃப்ளோராவ கூப்டு.

— மெதுவாப் பேசு அங்கம்மா. லைன் வூட்டு ஜனமெல்லாம் எட்டிப் பாக்குது. மொதல்ல கூடைய எறக்கு. இன்னைக்கு என்ன மீனு?

— வஞ்சரம். மீனு கெடக்கட்டும். வெள்ளிக்கெழம உங்களுக்குக் கறி ஆவாதுன்னு வாரா வாரம் உன் வாசல்ல வந்து குந்துறேன். மீனப் போட்டுட்டு அடுத்த தெருவுல போயி கூடைய எறக்குனா, மேல ஒரு வெள்ள ரோஜா சிரிச்சிகினு கீது. மீன்காரி கூடையில ரோஜாவுக்கு இன்னா வேல? எல்லாம் எம்புள்ள மனோகரனுக்கு. ஹார்பர்ல வேல, அரும்பு மீச வேற. உம் பொண்ணு தூது வுடுறா!

— சேசுவே! ஃப்ளோராவா? அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல.

— அப்ப கூப்டு, நானே கேட்டுக்கறேன்.

— அவ... வெளிய போயிருக்கா.

— வரட்டும். குந்திகினு கீறேன்.

— அது வந்து... வர்றதுக்குக் கொஞ்சம் நாழியாகும்.

— ஆவட்டுமே! மீனு நாறுனா உன் வாசல்தான் நாறும், எனக்கின்னா.

— ஒரு பூவுக்கா இவ்வளவு கோவம்?

— பூவுன்னாகூட பரவால்ல. வெள்ளப் பூவு! எம் புருசன் எண்ணூர் மொகத்துவாரத்துல முழுகிப் போனப்போ, எந்தலைல இருந்த கனகாம்பரத்தப் புடுங்கிப் போட்டு, ஒரு வெள்ள சீலய மேல போத்தி வுட்டாளுங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தேன். அப்பால அத்தக் கிய்ச்சி அடுப்புத் துணியாக்கிட்டு இந்தப் பச்ச சீலயச் சுத்திகினேன். அது வேற கத. ஆனா வெள்ளயக் கண்டா இன்னிக்கும் அந்த சீலதான் நெனப்புக்கு வருது. வயசுப் புள்ளைக்கு அத்தப் போயி குடுக்கலாமா?

— எங்க வூட்ல அது வேற மாதிரி அங்கம்மா. கல்யாணப் பொண்ணு உடுத்துறதே வெள்ளதான். கையில வெள்ள ரோஜா. கோயில்ல மாதா பாதத்துலயும் அதான். களங்கமில்லாத மனசுன்னு அர்த்தம்.

— பொணப் பொட்டி மேலயும் அத்தத்தான் வெக்கிறீங்கோ. நான் பாத்துக்கீறேன்.

— அதுக்கும்தான்.

— அப்ப கல்யாணத்துக்கா கருமாதிக்கான்னு எப்டித்தான் கண்டுபுடிக்கிறது?

— குடுக்கறவங்க மூஞ்சியப் பாத்தா தெரியும்.

— மூஞ்சியக் காட்டுனாத்தானே! திருட்டுத்தனமா மீனு மேல வெச்சா?

— அது வந்து... இந்தச் செடிய வந்து பாரேன். பெங்களூர் ரயில் கார்டு ஒருத்தர் குடுத்த குச்சி. உப்புக் காத்துக்கும் இஞ்சின் கரிக்கும் ரெண்டே நாள்ல கருகிடும்னு ரயில் பட்டறையில எங்கூட ஃபிட்டர் வேல பாக்குறவங்க சிரிச்சாங்க. மண்ணெண்ண டின்னுல நட்டு வெச்சேன். இப்பப் பாரு, சுத்திலும் கரி, நடுவுல அது மட்டும் எப்படி நிக்குது! வெறும் வெள்ளகூட இல்ல, நல்லா உள்ள பாரு.

— ம்ம்... புச்சு வஞ்சரத்த துண்டு போட்டா உள்ள ஒரு வெள்ள கீதே, லேசா ரோஸு ஓடிகினு. அந்த மாரி கீது.

— அதேதான்! எனக்குத்தான் சொல்லத் தெரியல. உரம் கிரம் ஒன்னும் கெடையாது. நீ வாசல்ல மீன் அலசுற தண்ணிய எடுத்து ஊத்துறேன், மொட்டா வெக்குது. பாதிப் பூ உன்னோடதுதான்.

— ஐய! ஐஸ் வெக்காத. எங்க சாமி வேற, உங்க சாமி வேற. கல்யாணம்னா உங்க சாமியாரு சும்மா வுடுவாரா?

— அதெல்லாம் அவரக் கேட்டாச்சு. லைன் கிளியர் குடுத்துட்டாரு.

— கேட்டுட்டியா? யாருக்காகக் கேட்டே?

— பொதுவா... சும்மா பொதுவாக் கேட்டேன்.

— இன்னா பிட்டரே, மூஞ்சி செவந்துகினு போவுது? தோ பாரு, இந்தப் பேஜாரே வாணாம். அடுத்த வெள்ளிக்கெழமலருந்து நான் தண்டையார்பேட்டையாண்ட போய்க்கறேன். இந்தத் தெருவுக்கு வர்ல.

— சேசுவே, அப்படிச் சொல்லாத! ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே மூட்டை கட்டிகிட்டு ஓடினப்பக்கூட நீ வந்தியே. ஃப்ளோராவோட அம்மா போன புதுசு. வெறிச்சோடின லைன்ல நானும் அந்தக் கொழந்தையும்தான். தெருமொனையில "மீனேய்"னு உங்குரல் கேட்டாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். எனக்கும்தான்.

— அதெல்லாம் சரி. இப்போ ஒரு முடிவச் சொல்லு, அண்ணாத்தே.

— அண்ணாத்தேவா? இத்தன வருசமா பிட்டரேன்னுதானே கூப்புடுவே!

— ஏன், அண்ணாத்தேன்னா குத்துதா?

— குத்துது. ரொம்பக் குத்துது... அங்கம்மா, ஃப்ளோரா இன்னைக்கு வரமாட்டா. பாஸ்கா பண்டிக முடிஞ்ச கையோட வேலூருக்கு நர்சு படிக்கப் போயிட்டா. வூட்ல இப்ப நான் ஒருத்தன்தான். வெள்ளிக்கெழம உன் தலையில கூடையத் தூக்கி வெக்கிறவனும் நான் ஒருத்தன்தான்.

— அப்ப அந்தப் பூவு?

— நான்தான் வெச்சேன். கோவமா?

— அப்பாடா, வந்துச்சா வாயில! ஃப்ளோரா ஊருக்குப் போனது எனக்குத் தெரியாதா? ரயில்ல துன்றதுக்குக் கருவாடு வறுத்துப் பொட்லம் கட்டிக் குட்த்ததே நாந்தானே. "எங்கப்பா வாயே தொறக்க மாட்டாரு சின்னம்மா, நீதான் சண்ட புட்சி தொறக்க வெக்கணும்"னு சொல்லிட்டுத்தான் உம் பொண்ணு வண்டி ஏறுச்சு. ம், பூவ எடு. இந்தத் தபா கூடையில வெக்காத, மூஞ்சியப் பாத்துக் குடு!