சலித்த ரவை

தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் என் மளிகைக் கடைக்கு வழக்கமாக வருபவள். பின்னால் நான் இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"ஒரு பூச்சிக்காக மாமியாவைத் துரத்துனவ ஊர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், அக்கா."

"ஏளா, எந்தப் பூச்சி?"

"அடுக்களை அலமாரியில பறக்குமே, அந்துப்பூச்சி. அத்தை ஈரக் கையோட டப்பாவைத் தொடுதாவ, அதான் வருதுன்னு சத்தம் போட்டேன். கோவிச்சுக்கிட்டு ஆத்தூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாவ."

"பெறவு?"

"அவிய போயி பத்து நாளாச்சு. பூச்சி போகலையே!"

"டப்பாவையெல்லாம் கழுவுனியா?"

"கழுவி, வெயில்ல காயவச்சு, வசம்பும் போட்டேன். போன வாரம் வாங்குன புது ரவையிலயும் புழு நூல் கட்டிக் கெடக்கு. ஒண்ணுமே புரியலக்கா."

"ரவையே அப்பிடி இருந்திருக்கும்."

"சேச்சே! அண்ணாச்சி உள்ள கொண்டுபோயி சலிச்சுல்லா கட்டித் தருவாரு."

"அப்ப உன் கைதான் ஈரம்!" அக்கா சிரித்தாள்.

"அப்பிடித்தான் போல. இப்ப அத்தைகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் போறேன். திரும்பி வருவாவளோ, மாட்டாவளோ."

நான் உள்ளே கொண்டுபோய்ச் சலித்தது, புழுவையும் நூலையும் அவள் பார்க்காமல் எடுப்பதற்குத்தான். பூச்சியின் முட்டைகள் சல்லடையில் நிற்காமல் ரவையோடே போய்விடும் என்பது படித்த எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஆத்தூர் வரை நேரம் இருந்தது. அவர்கள் இறங்கியபோது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.