சும்மா இருக்கும் ஊர்

அவையை நடத்தும் ஊர்த் தலைவர் பெத்தேலோ ஐயா அவர்களே! அவைக்கூடத்தின் கம்பத்துக்கு ஒருவராக முதுகு சாய்த்து, குடும்பத்துக்கு ஒரு குரலாக வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! அலையின் நிறத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லும் மீன்பிடித் தலைவர் ஃபலானிகோ மாமா அவர்களே! பாயைப் பின்னும் விரலால் இந்த ஊரையும் சேர்த்துப் பின்னும் தாய்மார்களே, தாய்மார் சங்கத் தலைவி லூஹியா அத்தை அவர்களே! ஆறு நாளாக எங்கள் விருந்தாளியாக இருந்து, எங்கள் ஈரப்பலாவை உண்டு, எங்கள் பாயில் உறங்கும் ஆய்வுக் குழுவின் அதிகாரி கோலின் ஐயா அவர்களே! அவருடைய காதோரம் உட்கார்ந்து என் பேச்சை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கும் லினோ ஆசிரியர் அவர்களே! உங்கள் எல்லோரையும் நுக்குநோனுத் தீவின் மகள் சிலியா தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

வணங்கத்தான் தலை தாழ்த்தினேன். இனிமேல் தாழ்த்த மாட்டேன்.

இந்தக் கூரைக்குக் கீழே என் குரலை நீங்கள் கேட்டதில்லை. பின்கட்டில் நான் தேங்காய் துருவும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். பதினேழு வயதுப் பெண் அவையில் எழுந்து பேசுவது நம் வழக்கம் அல்ல என்று எனக்குத் தெரியும். பெத்தேலோ ஐயா எனக்கு அனுமதி தந்திருக்கிறார். ஏன் தந்தார்? இன்று இங்கே பேசப்படும் தவறு என்னுடையது. செய்தவள்தானே எழுந்து நிற்க வேண்டும்?

பெரியவர்கள் முன்னால் ஒரு காகிதம் கிடக்கிறது. அதில் கையெழுத்து விழுந்தால் நம் பள்ளியின் மேல் வகுப்புகள் மூடப்படும். பதினொரு வயது நிரம்பிய பன்னிரண்டு பிள்ளைகள் நாளை மறுநாள் வரும் கப்பலில் ஏற வேண்டும். ஆப்பியா துறைமுகம் போய், அங்கிருந்து விமானத்தில் ஆக்லாந்து போய், ஏதோ ஒரு விடுதியில் வளர வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் தங்கை சலோமே. அவளுடைய துணிகளை என் அம்மா நேற்றே மடித்து வைத்துவிட்டாள். மடிக்க மடிக்க சலோமே அவற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏன் போக வேண்டும்? கோலின் ஐயாவின் குழு எழுதிய அறிக்கை சொல்கிறது: இந்த ஊரில் வேலை செய்பவர்கள் பதினொரு பேர், மற்றவர்கள் அனைவரும் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருக்கும் ஊரில் வளரும் பிள்ளை எதைக் கற்கும் என்றும் அது கேட்கிறது.

சும்மா இருக்கிறோமாம், கேட்டீர்களா பெரியவர்களே? விடியும் முன் படகைத் தள்ளுகிறவர் சும்மா இருக்கிறாராம். சேம்புக் குழியில் இடுப்பளவு சேற்றில் நிற்கிறவள் சும்மா இருக்கிறாளாம். போன புயலில் பறந்த பள்ளிக்கூரையை ஒன்பதே நாளில் போட்டு முடித்த நாற்பது பேரும் சும்மா இருந்தார்களாம். அப்படியானால் அந்தக் கூரை தானாக ஏறி உட்கார்ந்ததா? இந்தத் தாழம்பாய் தானாகப் பின்னிக்கொண்டதா? கோலின் ஐயா காலையில் சாப்பிட்ட சூரை மீன் தானாகக் கரையேறி, தானாகச் செதில் உரித்து, தானாக அடுப்பில் படுத்ததா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மூன்று நாளாக இந்த அவை கூடுகிறது. மூன்று நாளாக ஒருவர்கூட அந்த அறிக்கைக்குப் பதில் சொல்லவில்லை. பயமா? இல்லை. நாங்கள் உழைக்கிறோம் என்று வாய் திறந்தால், அது தன்னைத் தானே புகழ்ந்ததாகிவிடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் பன்னிரண்டு பிள்ளைகளை நாம் இழக்கப் போகிறோம்.

அந்த அறிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான்கு மாதம் முன்பு கோலின் ஐயா முதல் முறை வந்தபோது, கப்பலில் ஒன்றரை நாள் வாந்தி எடுத்து, விருந்தினர் வீட்டில் பாயோடு பாயாகக் கிடந்தார். வருத்தப்படாதீர்கள் ஐயா, கடல் எல்லோரையும் அப்படித்தான் முதலில் சோதிக்கும். வீடு வீடாகப் போய் நிரப்ப வேண்டிய படிவங்கள் அவர் தலைமாட்டில் இருந்தன. லினோ ஆசிரியர் அப்போது ஊரில் இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வீடு, ஐம்பத்து மூன்று படிவம். கேள்வி ஒன்றுதான் முக்கியம்: போன வாரம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், உங்கள் கையால் என்ன கிடைத்தது?

முதலில் ஃபலானிகோ மாமா வீட்டுக்குப் போனேன். முந்தின நாள்தான் மாமா எழுபது சூரை மீனோடு வந்திருந்தார். படகு கரை தட்டும்போது ஊரே பார்த்தது. நான் கேள்வியைக் கேட்டேன். மாமா வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானா? நான் என்னத்தடி புடிச்சேன். படகு போச்சு, கூட நானும் போனேன். ஒண்ணுமில்லன்னு எழுதிக்கோ."

தலையைக் குனியாதீர்கள் மாமா. நான் இன்னும் முடிக்கவில்லை.

அடுத்து லூஹியா அத்தை. அந்த மாதம் பதினொரு பாய் பின்னியவர். கேட்டால், கை அரித்தது, அதனால் ஓலையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றார். பாளை சீவும் அத்தோனியோ அண்ணன் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு மரம் ஏறி இறங்குகிறவர். அவர் சிரித்தார்.

"பதநீரு தர்றது மரம். நான் ஏறி வேடிக்க பாத்துட்டு எறங்குறேன். இதையெல்லாமா எழுதுவாங்க? போ, போயி வேற வேலயப் பாரு."

இப்படியே ஐம்பத்து மூன்று வீடு. அம்மாமார், அண்ணன்மார், பெரியவர்கள், எல்லோரும் ஒண்ணுமில்லை என்றார்கள். சம்பளம் வாங்கும் பதினொரு பேர் மட்டும், படிவம் கேட்கிறதே என்று, கூச்சத்தோடு ஒரு வரி சொன்னார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியும் அல்லவா? எழுபது மீனையும் நான் பார்த்தேன். பதினொரு பாயையும் தொட்டேன். பார்த்ததை எழுதியிருக்கலாம். ஆனால் நானும் இந்த மண்ணில் பிறந்தவள். பிடித்தவன் பிடித்தேன் என்று சொல்வதில்லை. பிடித்தது கரையில் ஊர் முன்னால் கொட்டப்படும். தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரியும். யார் பிடித்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுத என் கை கூசியது. அந்தப் பதினொரு வரி தவிர, ஐம்பத்து மூன்று படிவத்திலும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கோலின் ஐயா பாராட்டினார்.

அந்த அழகான கையெழுத்துதான் இப்போது என் தங்கையைக் கப்பலில் ஏற்றப் பார்க்கிறது.

லினோ ஐயா, இந்த இடத்தை மெல்லச் சொல்லுங்கள், ஒரு சொல்லும் விடாதீர்கள். கோலின் ஐயா, நீங்கள் பொய் எழுதவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் எழுதினீர்கள். ஆனால் நாங்கள் சொல்லாததை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் எங்கள் தீவின் உயரம் எழுதியிருக்கிறது, ஒரு தென்னையின் பாதிகூட இல்லை என்று. நிலத்தின் அளவு எழுதியிருக்கிறது, நடந்தே சுற்றிவிடலாம் என்று. காயலை ஏன் எழுதவில்லை? அதுதானே எங்கள் வயல்? பவளப்பாறைக்கு வெளியே நிற்கும் நீலத்தை ஏன் எழுதவில்லை? அதுதானே எங்கள் களஞ்சியம்? கடலைக் கழித்துவிட்டு எங்களை அளந்தால் நாங்கள் சிறியவர்களாகத்தான் தெரிவோம்.

இரண்டாம் பக்கத்தில், எங்கள் மூன்று தீவும் சேர்ந்த டோக்கெலாவுக்குத் தலைநகரம் இல்லை என்று ஒரு குறை. மூன்று தீவுக்கும் முறை வைத்து, ஆண்டுக்கு ஒரு தீவில் தலைமை உட்கார்கிறது. அது நிலையான ஆட்சிக்கு உதவாது என்று ஒரு கவலை. கவலை எதற்கு ஐயா? மீனைப் பங்கு போடத் தெரிந்தவர்கள் அதிகாரத்தையும் பங்கு போட்டிருக்கிறோம். ஒரே ஊரில் ஒரே நாற்காலியைப் போட்டு அதைச் சுற்றிச் சண்டை போட எங்களுக்கு நேரமில்லை. நாங்கள்தான் சும்மா இருக்கிறோமே.

கடைசி வரிசைத் தம்பிமாரே, ரொம்பச் சத்தமாகக் கைதட்டுகிறீர்கள். பெத்தேலோ ஐயா பார்க்கிறார், அடக்கிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அது எல்லோருக்கும் தெரியும், கோலின் ஐயாவுக்குத் தெரியாது. மூன்று ஆண்டு முன்பு என் அப்பா பாளை சீவும்போது விழுந்தார். இடுப்பு போனது. அன்றிலிருந்து பாயில்தான் இருக்கிறார். ஒவ்வொரு வீடும் ஊர் வேலைக்கு ஒரு கை தர வேண்டும். எங்கள் வீட்டில் கை தர ஆள் இல்லை. விழுந்த மறுவாரம் நான் பள்ளிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. பங்கு பிரிக்கும் இடத்துக்கு நான் கூடையோடு போனபோது, பங்கு பிரிக்கிறவர் என் வீட்டுப் பெயரைச் சொல்லி அப்பாவுக்கும் சேர்த்து ஐந்து பேருக்கு மீன் வைத்தார். அப்பாதான் கடலுக்கு வரவில்லையே என்று நான் முணுமுணுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவருக்குப் பசிக்குதா இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். மூன்று ஆண்டில் அப்பாவின் பங்கில் ஒரு வால் குறைந்ததில்லை. கோலின் ஐயா, எந்த நாட்டு அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் இதை எழுதுவீர்கள்? எங்கள் பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்று கேட்டீர்களே, இதைக் கற்பார்கள். கணக்கும் ஆங்கிலமும் லினோ ஆசிரியரிடம் கற்பார்கள். இதைக் கற்பிக்க ஆக்லாந்தில் விடுதி இல்லை.

நான் படிப்பை விட்டது சலோமே விடக்கூடாது என்பதற்காக. அவள் படிக்க வேண்டும். மருத்துவம் படிக்க வேண்டுமானால் வளர்ந்த பிறகு கடல் தாண்டட்டும். நானே படகு வரை பெட்டியைத் தூக்கி வருவேன். ஆனால் அவளுடைய ஊர் சோம்பேறி ஊர் என்று எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் பதினொரு வயதில் போக மாட்டாள். போக மாட்டாள். நான் விட மாட்டேன்.

என்ன, அத்தோனியோ அண்ணா? சத்தமாகக் கேளுங்கள். இப்போ என்ன பண்ணச் சொல்ற, எல்லாரும் எந்திரிச்சு நின்னு தம்பட்டம் அடிக்கணுமா என்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாளாக நானும் அதைத்தான் யோசித்தேன். தம்பட்டம் வேண்டாம். நம் வழக்கம் நம்மோடு இருக்கட்டும். உன் வேலையை நீ சொன்னால்தானே வெட்கம்? பக்கத்து வீட்டுக்காரர் செய்த வேலையை நீ சொன்னால் அதில் என்ன வெட்கம்? அது நன்றி அல்லவா?

இதோ ஐம்பத்து மூன்று வெற்றுப் படிவம். கோலின் ஐயாவிடம் நேற்று நானே கேட்டு வாங்கினேன். அவர் மறுக்கவில்லை, அதற்கு அவரை வாழ்த்துகிறேன். இந்த முறை ஒருவரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த முறை நான் எழுத மாட்டேன். கோலின் ஐயா எழுதட்டும். கடல் இப்போது அமைதியாக இருக்கிறது, அவர் கையும் நடுங்கவில்லை.

தொடங்குகிறேன். ஃபலானிகோ மாமா, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். போன வாரம் மாமா நான்கு நாள் கடலுக்குப் போனார். இருநூற்றுப் பதினான்கு மீன் கரைக்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல். அப்போதும் உட்கார்ந்து இளைஞர்களுக்குத் தூண்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எழுதினீர்களா ஐயா? எழுதுங்கள்.

அடுத்து யார்? யாராவது ஒருவர். அவை காத்திருக்கிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

லூஹியா அத்தை எழுந்துவிட்டார். அத்தோனியோ அண்ணன் ஏறும் மரங்களை எண்ணிச் சொல்கிறார், மழை நாளையும் சேர்த்து. அண்ணா, பொறுங்கள், உங்கள் முறை வரும். அத்தையின் பாய்களை நீங்கள் சொல்லலாம். பின்வரிசையில் இன்னும் மூன்று பேர் எழுந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பேசாதீர்கள், கோலின் ஐயாவுக்கு எழுதும் கை ஒன்றுதான்.

பெத்தேலோ ஐயா அவர்களே, பெரியவர்களே, முடிக்கிறேன். இந்தப் படிவங்கள் நிரம்பும் வரை அந்தக் காகிதத்தில் ஒருவரும் கை வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். இப்போது அதைக் கேட்க வேண்டியதில்லை; தலைவர் ஐயா, நீங்கள் அந்தக் காகிதத்தை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கப்பல் வரட்டும். அரிசியை இறக்கட்டும், மாவை இறக்கட்டும், மருந்தை இறக்கட்டும். கோலின் ஐயாவைப் பத்திரமாக ஏற்றிக்கொள்ளட்டும், அவர் மடியில் ஐம்பத்து மூன்று வீட்டின் உழைப்பையும் ஏற்றிக்கொள்ளட்டும். பன்னிரண்டு பிள்ளைகளும் பாறைமேல் நின்று கையசைப்பார்கள். கையசைத்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போவார்கள்.

பேச இடம் தந்த தலைமைக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், முதலில் எழுந்த அத்தைக்கும், எழுதிக்கொண்டே இருக்கும் விருந்தாளிக்கும் என் நன்றி, ஃபகாஃபெத்தாய். நுக்குநோனுவின் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பக்கத்து வீட்டின் சார்பில் என் வணக்கம்.