உறக்கத்தில் எழும் அலை

பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிவோடு அளந்த பண்பின் பெட்டகமே! பார்த்ததை மட்டும் நம்பாமல், பாராத பொழுதையும் எண்ணிப் பார்த்த பேரறிவே! குழந்தை வளர்ச்சிப் பிரிவின் தலைமை மருத்துவராய் எங்களைத் தாங்கி, இப்போது விடைபெறும் தாயே! வணக்கம்.

மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள சுரப்பி ஒன்று, குழாய்த் தண்ணீர்போல் ஒழுகாமல், நெடுநேரம் அடங்கிக் கிடந்து, திடீரென அலையலையாய் வளர்ச்சி ஹார்மோனைப் பொழிகிறது. அவற்றுள் பேரலை, பிள்ளை ஆழ்ந்து உறங்கத் தொடங்கிய பின்னரே எழுகிறது! இந்த அதிசயத்தை எங்களுக்குக் கண்ணாரக் காட்டியவர் நீங்கள்.

வகுப்பிலேயே குள்ளமான அந்தச் சிறுமியை மறப்போமா? பகலில் எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் இல்லவே இல்லை என்றது முடிவு. ஆண்டுக்கணக்கில் தினமும் ஊசி போட வேண்டியிருக்குமோ என்று அவள் தாய் கலங்கினார். உறங்கும் பிள்ளையை எழுப்பாமல், கையில் பொருத்திய நீளக் குழாய் வழியே விட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல் நடந்தோம். ஆனால் நம் ‘வெண்கலத் தொண்டை’ செவிலியர் அக்கா, பாசம் தாளாமல் குனிந்து, “கண்ணு, நல்லாத் தூங்குறியா?” என்று கேட்டுவிட்டார். வார்டே எழுந்து உட்கார்ந்தது; சிறுமியும் விழித்துக்கொள்ள, அன்றைய சோதனை வீணாயிற்று!

நீங்கள் கடியவில்லை. “ஏன் சிஸ்டர், ‘ஆமா’ன்னு பதில் வரும்னா நினைச்சீங்க?” என்றீர்கள்.

தாய்க்குத்தான் பொறுமை போயிற்று. “போதும் டாக்டரம்மா, இன்னும் எத்தனை தடவை புள்ள கையக் குத்துவீங்க? ஊசியவே ஆரம்பிச்சிருங்க.”

“இன்னும் ஒரே ஒரு ராத்திரி குடுங்கம்மா. சுரப்பி வேலை செய்யலைன்னு சொல்றோம். அது வேலை செய்யற நேரத்துல நாம பார்க்கவே இல்லையே!”

மறுமுறை எவரும் வாய் திறக்கவில்லை. முதலில் எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் ஒன்றுமில்லை; பிறகு அதன் அளவு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, உச்சி தொட்டு மெல்ல வடிந்தது. “மிஷின் மக்கர் பண்ணுதோ?” என்றார் ஆய்வகத்துக்காரர். நீங்களோ கைகூப்பி நின்றீர்கள். முடிவு கேட்கத் தாய் அருகே வந்தார்.

“அப்போ ஊசி வேணாமா?”

“வேணாம்மா. உங்க பொண்ணு மெதுவா வளருவா. ஆனா வளருவா.”

அந்தத் தாய் மகளின் தலையில் முகம் புதைத்துக்கொண்டார்.

அந்தச் சிறுமி போன வாரம் உங்களை வழியனுப்ப வந்தாள். உங்களைவிட உயர்ந்து நின்றவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தீர்கள். நலமும் நிம்மதியும் நிறைந்து நெடுங்காலம் வாழ்க, அம்மா! அப்படி அண்ணாந்து பார்க்க வைக்கும் பிள்ளைகள் உங்கள் எதிரே வந்து நின்றுகொண்டே இருக்கட்டும்!

என்றும் அன்புடன்,
குழந்தை வளர்ச்சிப் பிரிவுப் பணியாளர்கள்