குறைத்த இருபதும் கூட்டிய இருபதும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் இராமலிங்கம் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மாணவியர் விடுதிச் செயலாளர் தசரதன் அவர்களே! பெண்ணைப் படிக்க அனுப்பிவிட்டு, 'வயிறாரச் சாப்பிட்டாளோ' என்று வயல் வரப்பிலும் வருந்தும் தாய்மார்களே! பெரியோர்களே! முன்வரிசையில் தட்டோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்களுக்கு என் வணக்கம், நூற்றுக்கு நூறு சதவீதம்!

சதவீதம் என்றதும் சிரிக்கிறீர்கள். அது இல்லாமல் இன்று ஆகும் காரியம் உண்டா? கால்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எண்பது சதவீதம் குணமாயிடுச்சு" என்றார் டாக்டர். மீதி இருபது எந்த விரலில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை! மல்லாட்டை மூட்டையை இறக்கினால், வியாபாரி கடலைக்குள் கையை விட்டு, "பத்து சதவீதம் ஈரம்" என்கிறார். விரலா அது, விஞ்ஞானமா? நூறு சதவீதத்துக்கு மேல் உண்டா என்று ஒரு மாணவன் கேட்டான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைக் காட்டினேன். ஐம்பது பேருக்கு சீட், எழுபத்தைந்து பேர் உள்ளே. "எடம் ஜாஸ்தியா கெடக்குது, உள்ள போங்க" என்கிறார் கண்டக்டர்!

நிற்க. நாம் கூடியிருக்கும் காரணத்துக்கு வருகிறேன்.

இந்த விடுதியில் வேளைக்கு இருபத்தைந்து படி அரிசி வெந்தது. போன மாதம், அரிசி கிடைப்பது கஷ்டம் என்று நிர்வாகம் இருபது சதவீதம் குறைத்தது. ஐந்து படி போயிற்று. கொதித்தெழுந்தாள் பதினோராம் வகுப்பு வள்ளி. நூறு மாணவியரைத் திரட்டினாள். சோறு குறைந்ததற்காக என்ன செய்தார்கள் தெரியுமா? உண்ணாவிரதம் இருந்தார்கள்! மூன்று நாள்! நிர்வாகத்துக்கு மூன்று நாள் அரிசி முழுசாக மிச்சம்! செயலாளர் ஐயா, நீங்கள் சிரிக்கக் கூடாது.

நான்காம் நாள், சமாதானம் பேச இந்தச் சகாதேவனைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் அல்லவா? "குறைத்தது இருபது சதவீதம், கூட்டுவதும் இருபது சதவீதம், எல்லாம் பழைய மாதிரி" என்று ஒப்பந்தம் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். ஆரவாரம்! ஆரத்தி! அதற்குத்தான் இன்று இந்தப் பாராட்டு விழா.

இன்று மதியம் சமையற்கட்டை எட்டிப் பார்த்தேன். சமையல் செய்யும் எல்லம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா சார், பழைய மாதிரினு சொன்னீங்க. கடைசிப் பந்திக்கு நான் அண்டாவ சொரண்டுறேன். அஞ்சு பொண்ணுங்க கஞ்சித்தண்ணி குடிச்சிட்டுப் போவுதுங்க. வள்ளி எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியா உட்காருது. அதுக்கு அந்தத் தண்ணிகூட இல்ல."

"இருபது சதவீதம் கூட்டியாச்சேம்மா!"

"நீங்க இன்னாத்த கூட்டினீங்களோ! எனக்குப் படிதான் தெரியும். முன்ன இருபத்தஞ்சு போட்டேன், இப்ப இருபத்திநாலு போடுறேன். ஒரு படி கம்மி."

என்ன அங்கே பின்னால்? "இருபது போயி இருபது வந்தா சரிதானே சார்" என்கிறீர்களா? வாருங்கள் ஐயா, நீங்களும் என் கட்சி! குறைத்தபோது இருபத்தைந்தில் இருபது சதவீதம், ஐந்து படி. கூட்டியபோது மிச்சமிருந்த இருபதில் இருபது சதவீதம், நாலே படி! போனது ஐந்து, வந்தது நாலு. பழைய அளவு வேண்டுமென்றால் இருபத்தைந்து சதவீதம் கூட்டியிருக்க வேண்டும். யாரும் திருடவில்லை. தசரதன் ஐயா ஏமாற்றவும் இல்லை. தப்பு செய்தவன் மாலை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. போராடிய பெண்ணைப் பட்டினி போட்டது என் பேனா.

பரீட்சையில் நாலு மார்க் போனால் அடுத்த பரீட்சையில் வாங்கலாம். நேற்றுப் போன சோற்றை எந்தப் பரீட்சையில் வாங்குவது? ஆகவே தாய்மார்களே, தள்ளுபடி என்று வந்தாலும், தரகு என்று வந்தாலும், தலைவரே வந்து சொன்னாலும், சதவீதம் என்ற சொல் காதில் விழுந்ததும் கேளுங்கள்: எதில்? எதில் இருபது? எதில் பத்து? சொல்லுங்கள் பார்ப்போம், எதில்? இந்தப் பக்கம் சத்தம் போதவில்லை. எதில்? ஆ, அது குரல்! மலைக்கே கேட்டிருக்கும்!

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், "முடிங்க" என்று. முடிக்கிறேன் ஐயா. செயலாளர் அவர்களே, அந்த ஒரு படி வருமா, வராதா? தலையாட்டுகிறார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? ஜனங்களுக்குப் புரியவில்லை. இந்தாருங்கள் மைக், வாயால் சொல்லுங்கள்.

"இன்னிக்கே இருபத்தஞ்சு படி போட்டுடுங்க. காயிதத்த நாளைக்கு மாத்திக்கலாம்."

கேட்டீர்களா! பெரிய மனசு! வள்ளி, அழாதே அம்மா. இன்று நீ பரிமாற வேண்டாம், முதல் பந்தியில் உட்கார். பரிமாறுவது நானும் செயலாளரும். கடைசிப் பந்தியில் நாங்கள் உட்காருகிறோம். சோறு போதவில்லையென்றால் பட்டினி எங்களுக்கு!

தப்பை ஒப்புக்கொண்டவன் மேல் கல்லெறியாமல் கேட்டுக்கொண்டிருந்த நல்லவர்களே, உங்கள் அனைவருக்கும் நன்றி. எல்லம்மா, உலை கொதிக்குதா? இருபத்தைந்து படி போடுங்க! வணக்கம்!